50,000 அடி படச்சுருள்: கோட்டையூர் இளைஞர் ஒருவரின் தொழில் முயற்சி

செட்டிநாட்டு ஊர்களில் இன்று புகைப்படத் தொழிலில் இறங்க விரும்பும் இளைஞர்கள் பெருகி வருகின்றனர். இதன் காரணம் கண்கூடு. பர்மாத் தேக்கில் தூண் நிறுத்திய பழைய வீடுகளைக் காண வெளியூரார் வருகின்றனர். திருமணத்தைப் பூர்விக வீட்டிலேயே நடத்தும் வழக்கம் இப்பகுதியில் நிலைத்திருக்கிறது. ஆத்தங்குடிக் கல் செய்வோரும், 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையை நெய்வோரும் தங்கள் சரக்கைத் தொலைவில் உள்ளவர்களுக்குக் காட்ட நல்ல படங்களை நாடுகின்றனர். ஊராட்சிப் பணிகளுக்கும் வேலைக்கு முன், நடுவில், முடிந்த பின் எனப் படம் எடுத்து வைப்பது வழக்கமாகிவிட்டது.

ஆயினும் இத்தொழிலைப் பற்றிக் கிராமங்களில் இருவேறு எண்ணங்கள் உலவுகின்றன. பொத்தானை அழுத்துவதும் ஒரு தொழிலா என்று கேட்போர் ஒரு சாரார். நல்ல காமிரா ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டால் மறுநாளே பணம் வரும் என்று நம்பி, நகையையும் நிலத்தையும் ஈடு வைக்கத் துணிவோர் மற்றொரு சாரார். இவ்விரண்டு எண்ணங்களும் ஒரே தவற்றிலிருந்து பிறந்தவை. படம் பிடிக்கும் நேரமே தொழில் என்று இரு சாராரும் கருதுகின்றனர். உண்மையில் அது தொழிலின் மிகச் சிறிய பகுதியாகும். கற்றல், தேடல், கடிதம் எழுதுதல், கணக்கு வைத்தல், தெரிந்தெடுத்தல், பாதுகாத்தல் ஆகிய வேலைகளே ஒரு படத் தொழிலாளியின் நாளை நிரப்புகின்றன.

இதை விளக்க வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. காரைக்குடியை அடுத்த கோட்டையூரைச் சேர்ந்த அ. கருப்பன் செட்டியார் என்ற இளைஞர் இருபத்தெட்டு வயதுக்குள் செய்து முடித்த ஒரு காரியத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ் வாசகர்கள் ஏ. கே. செட்டியார் என்று அறிவது அவரையே.

முதலில் பயிற்சி

செட்டியார் 1911ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் பிறந்தவர். இளமையிலேயே எழுத்துத் துறையில் ஈடுபட்டு, ரங்கூனில் வெளிவந்த 'தனவணிகன்' பத்திரிகையின் ஆசிரியராகப் பணியாற்றினார். அக்காலத்தில் நம் பகுதி வாலிபர்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேறியது கொடுக்கல் வாங்கல் தொழிலுக்காகவே. செட்டியாரோ புகைப்படக் கலையைக் கற்கும் பொருட்டு ஜப்பானுக்குச் சென்று டோக்கியோவில் பயின்றார். பிறகு 1937இல் நியூயார்க் நகரிலும் பயிற்சி பெற்றார்.

இவ்விடத்தில் நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. செட்டியார் பெருந்தொழில் ஒன்றைத் தொடங்கிய பின் கலையைக் கற்கவில்லை. கற்ற பின்னரே தொடங்கினார். ஒளி எப்படி விழுகிறது, படச்சுருள் எதனால் பழுதாகிறது, பிரதி எடுப்பது எவ்வாறு என்பனவற்றைக் கைப்பழக்கமாக அறிந்திருந்ததனால்தான், பிற்காலத்தில் முன்பின் அறியாத நாடுகளில் பழைய படச்சுருள்களைப் பார்த்த மாத்திரத்தில் அவற்றின் தரத்தை மதிப்பிட அவரால் முடிந்தது. விதையின் முளைப்புத் திறன் அறியாதவன் விதை வியாபாரத்தில் இறங்கலாகாது என்பது உழவர் அறிந்த நியாயமே.

எண்ணம் உதித்த நாள்

1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளின் நகருக்குக் கப்பலில் சென்றுகொண்டிருந்தபொழுது, மகாத்மா காந்தியின் வாழ்க்கையை ஒரு செய்திப்படமாகத் தயாரிக்க வேண்டும் என்ற எண்ணம் செட்டியாருக்குத் தோன்றியது. அன்று காந்தியடிகளின் பிறந்த நாள். செட்டியாருக்கு இருபத்தாறு வயது நிரம்ப இன்னும் ஒரு மாதம் இருந்தது.

எண்ணம் எளிது, காரியம் அவ்வாறன்று. நடிகர்களை வைத்துக் கதைப்படம் எடுப்பதானால் அரங்கம் அமைத்து, வேடம் புனைந்து, நினைத்த காட்சியைப் பிடித்துக்கொள்ளலாம். வாழ்ந்துகொண்டிருக்கும் ஒரு பெரியவரின் கடந்த காலத்தைக் காட்டுவதற்கு அப்படிச் செய்ய இயலாது. 1930இல் தண்டியை நோக்கி நடந்த நடையை 1938இல் மீண்டும் நடக்கச் சொல்ல முடியுமா? அன்று அங்கே காமிராவுடன் நின்றவர் யார், அவர் பிடித்த சுருள் இன்று எவரிடம் உள்ளது, அது கெடாமல் இருக்கிறதா என்று தேடுவது ஒன்றே வழி.

காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். 1931இல் வட்டமேஜை மாநாட்டுக்காக லண்டன் சென்றவர். திரும்பும் வழியில் ஐரோப்பிய நாடுகளில் தங்கியவர். ஆகவே அவரைப் பிடித்த படச்சுருள்களும் கண்டங்கள்தோறும் சிதறிக் கிடந்தன. சில செய்திப்பட நிறுவனங்களிடமும், சில தனிப்பட்ட படப்பிடிப்பாளர்களிடமும் இருந்தன. இவற்றையெல்லாம் ஓரிடத்தில் சேர்ப்பதையே செட்டியார் தம் தொழிலாக மேற்கொண்டார். டாக்குமெண்டரி பிலிம்ஸ் லிமிடெட் என்ற ஸ்தாபனத்தின் பெயரில் இவ்வேலை நடந்தது.

அலைச்சலின் கணக்கு

இம்முயற்சியின் அளவைச் சில எண்களால் உணரலாம். செட்டியார் நான்கு கண்டங்களில் ஏறத்தாழ 1,00,000 மைல் பயணம் செய்தார். சுமார் முப்பது ஆண்டுக் காலத்தில் ஏறத்தாழ 100 படப்பிடிப்பாளர்கள் பிடித்திருந்த காட்சிகளைத் தேடினார். அவ்வாறு சேர்ந்த படச்சுருளின் நீளம் 50,000 அடி. 1912இல் கோபால கிருஷ்ண கோகலே தென்னாப்பிரிக்கா சென்றபொழுது எடுத்த படமும் அவர் கைக்குக் கிடைத்தது. இவ்வளவும் மூன்று ஆண்டுகளுக்குள் நடந்தவை. அதன் பிற்பகுதியில், 1939 செப்டம்பரில், இரண்டாம் உலகப் போரும் மூண்டுவிட்டது.

ஒரு சுருளைப் பெறுவதற்கு எத்தனை படிகள் என்பதை எண்ணிப் பாருங்கள். முதலில் இன்னாரிடம் இருக்கிறது என்ற துப்பு கிடைக்க வேண்டும். அவருக்குக் கடிதம் எழுத வேண்டும். பதில் கப்பல் தபாலில் வருவதற்கு வாரங்கள் ஆகும். நேரில் சென்று சுருளைப் போட்டுப் பார்த்து, சொல்லப்பட்ட காட்சி உண்மையில் அதில் இருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். விலை பேசி, உரிமையை எழுத்தில் வாங்கி, பிரதி எடுக்க வேண்டும். பின்னர் அதைப் பத்திரமாகத் தாய்நாட்டுக்கு அனுப்ப வேண்டும்.

கடைசிப் படியும் சாமானியமானதன்று. அக்காலத்துத் திரையரங்குப் படச்சுருள் நைட்ரேட் என்னும் பொருளால் ஆனது. அது எளிதில் தீப்பற்றும். பற்றினால் தண்ணீருக்கும் அணையாது. வெப்பமும் ஈரமும் மிகுந்தால் தானாகவே பிசுபிசுத்துப் பொடியாகும். வைக்கோற்போரைக் காப்பதினும் அதிகமான எச்சரிக்கையோடு அதனைக் காக்க வேண்டியிருந்தது.

இவ்வேலைகளில் காமிராவைக் கையில் எடுக்கும் நேரம் எவ்வளவு என்று பாருங்கள். தம் கையால் படம் பிடிக்கக் கற்ற ஒருவர், பிறர் பிடித்த படத்தைத் தேடுவதிலேயே பெரும்பொழுதைச் செலவிட்டார். இதுவே இத்தொழிலின் உள்ளிருக்கும் உண்மை. செட்டியார் இவ்வனுபவங்களைப் பிற்காலத்தில் எழுதிவைத்தார். அவை 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற நூலாகக் கிடைக்கின்றன. தொழில் தொடங்க எண்ணும் இளைஞர்கள் அதனைப் படிப்பது நலம்.

தூற்றி எடுத்தல்

களத்து நெல்லைத் தூற்றாமல் குதிரில் கொட்டுவார் இல்லை. சேர்ந்த படச்சுருளும் அவ்வாறே. திரையரங்குச் சுருள் பேசும்பட வேகத்தில் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். அக்கணக்கின்படி 50,000 அடியை முழுவதும் காட்டினால் ஒன்பது மணி நேரத்துக்கு மேலாகும். எந்தக் கூட்டமும் அவ்வளவு நேரம் அமர்ந்திராது. எனவே செட்டியார் அதிலிருந்து 12,000 அடியைத் தெரிந்தெடுத்தார். இது ஏறத்தாழ இரண்டே கால் மணி நேரப் படம். நாலில் மூன்று பங்குக்கு மேல் ஒதுக்கப்பட்டது என்பது இதன் பொருள். கடல் கடந்து தேடிக் கொணர்ந்த பொருளில் பெரும்பகுதியை ஒதுக்கி வைக்க மனத்திண்மை வேண்டும்.

மற்றொரு இடையூறும் பழைய படங்களுக்கு உண்டு. ஊமைப்படக் காலத்தில் நொடிக்கு ஏறத்தாழ 16 சட்டங்கள் வீதம் படம் பிடித்தனர். பேசும்படமோ நொடிக்கு 24 சட்டங்கள் வீதம் ஓடுவது. முன்னதைப் பின்னதன் வேகத்தில் ஓட்டினால் நடப்பவர் ஓடுவதுபோலத் தோன்றுவார். பெரியோர் நடை நகைப்புக்கிடமாகிவிடும். ஆகவே பழஞ்சுருள்களைப் பேசும்படத்தில் சேர்ப்பதற்குத் தனித்திறமை வேண்டியிருந்தது. ஆய்வுக்கூடத்தில் செல்லும் இவ்வுழைப்பு, திரையில் பார்ப்போர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

வெளியீடும் அதன் பின்னும்

1940ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் 'மகாத்மா காந்தி' படம் தமிழ் விளக்கவுரையுடன் சென்னையில் திரைக்கு வந்தது. அப்பொழுது செட்டியாருக்கு இருபத்தெட்டு வயது. பின்னர் தெலுங்கிலும் வெளியாயிற்று. ஆயினும் அது யுத்தகாலம், ஆட்சி ஆங்கிலேயருடையது. காந்தியடிகளின் படத்தைத் தாராளமாக ஊர் ஊராகக் காட்டக்கூடிய சூழ்நிலை அன்று இல்லை. நாட்டு விடுதலைக்கு முந்தைய நாளான 1947 ஆகஸ்டு 14 அன்று, இந்தி விளக்கவுரையுடன் அப்படம் டெல்லியில் திரையிடப்பட்டது. 1953இல் அமெரிக்காவில் ஆங்கிலப் படியும் வெளிவந்தது.

எண்ணம் உதித்த நாளிலிருந்து படம் திரைக்கு வர மூன்று ஆண்டுகள். அது நாட்டின் தலைநகரில் சுதந்திரமாக ஓட மேலும் ஏழு ஆண்டுகள். தொழில் தொடங்கிய ஆறாம் மாதமே இலாபம் காணவில்லையே என்று சோர்வடையும் இளைஞரும், அவரைக் கடிந்துகொள்ளும் பெற்றோரும் இக்கணக்கை மனத்திற் கொள்வார்களாக. செட்டியார் இந்த இடைக்காலத்தில் வாளா இருக்கவில்லை. 1943இல் 'குமரி மலர்' என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கி, 1983இல் தாம் மறையும் வரை நாற்பது ஆண்டுகள் நடத்தினார். பழைய எழுத்துகளைத் தேடி எடுத்து அதில் மறுபதிப்புச் செய்தார். படச்சுருளைத் தேடிய பழக்கமே காகிதத்திலும் தொடர்ந்தது எனலாம்.

சேர்த்தது சிதறலாகாது

இவ்வளவு உழைப்பில் உருவான படத்தின் கதி என்ன ஆயிற்று? 1940இல் நம் மக்கள் தமிழில் கேட்ட அந்த முழுப் படம் இன்று நாம் பார்க்கக் கிடைக்கவில்லை. ஆங்கிலப் படியின் பிரதி ஒன்று அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து, ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதியின் முயற்சியால் பிற்காலத்தில் தெரியவந்தது. உலகமெங்கும் சிதறியதைச் சேர்க்க ஒரு மனிதரின் விடாமுயற்சி போதுமானதாயிருந்தது. சேர்ந்ததைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பதற்கு ஒரு மனிதர் போதார் என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடம். அதற்கு ஸ்தாபனம் வேண்டும். பொது மக்களின் அக்கறை வேண்டும்.

அதே கோட்டையூரில் இதற்கு நல்ல உதாரணமும் உண்டு. ரோஜா முத்தையா அவ்வூரில் இருந்துகொண்டு பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் நோட்டீசுகளையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபொழுது ஏறத்தாழ ஒரு லட்சம் பொருள்கள் அவர் சேமிப்பில் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கிய பின்னர், சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அச்சேமிப்பு நிலைபெற்றது. ஒரு பொது ஸ்தாபனம் ஏற்றுக்கொண்டதால் அது பிழைத்தது.

தொழில் தொடங்குவோர்க்கு

செட்டியாரின் முறையை இன்றைய இளைஞர் சிறிய அளவில் எவ்வாறு கைக்கொள்ளலாம்?

முதலாவது, பயிற்சிக்குப் பின்னரே முதலீடு. ஒரு முகூர்த்த காலமாவது அனுபவமுள்ள ஒருவரிடம் உதவியாளராக இருந்து பழகிய பின் காமிரா வாங்குவது நலம். அதுவரை வாடகைக் காமிரா போதும்.

இரண்டாவது, நகை, நிலம் ஆகியவற்றின்மேல் கைவைக்கும் முன் வங்கியை அணுக வேண்டும். 2015இல் தொடங்கப்பட்ட முத்ராத் திட்டத்தில் சிசு என்னும் பிரிவில் 50,000 ரூபாய் வரையிலும், கிஷோர் என்னும் பிரிவில் 5 லட்சம் ரூபாய் வரையிலும் சிறு தொழிலுக்கு ஈடின்றிக் கடன் வழங்கப்படுகிறது. இது கடனே, இனாம் அன்று, தவணை தவறலாகாது. மான்யத்துடன் கூடிய திட்டங்களைப் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். உத்யம் பதிவு செய்துகொள்வதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. அதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகர்களை நம்ப வேண்டாம்.

மூன்றாவது, கணக்கு. வீட்டுச் செலவும் தொழிற்செலவும் ஒரே பையில் இருத்தலாகாது. பேசிய தொகை, பெற்ற முன்பணம், ஒப்படைக்க வேண்டிய நாள் ஆகியவற்றைச் சிறிய ரசீதில் எழுதி இரு தரப்பாரும் கையொப்பமிட வேண்டும். புள்ளி வைத்துக் கணக்கெழுதிய மரபு நம்முடையது. அதை இத்தொழிலிலும் கடைப்பிடிப்பதில் வெட்கம் ஏதுமில்லை.

நான்காவது, வேலையற்ற மாதங்களை வீணாக்காதிருத்தல். ஆடியிலும் மார்கழியிலும் திருமணம் இராது. அம்மாதங்களில் அதுவரை எடுத்த படங்களுக்கு நாள், ஊர், நிகழ்ச்சி ஆகியவற்றைக் குறித்து ஒழுங்கு செய்யலாம். பழைய குடும்பப் படங்களைப் பிரதியெடுத்துக் கொடுக்கலாம். நெசவாளர்க்கும் கல் செய்வோர்க்கும் விற்பனைப் படங்கள் எடுக்கலாம்.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

ஊராட்சிக்கும் இதில் கடமைகள் உள. ஊர்க் காரியத்துக்குப் படம் எடுத்த இளைஞருக்குப் பேசிய தொகையைத் தாமதமின்றிக் கொடுப்பது முதற் கடமை. சிறு முதலுடன் தொழில் செய்பவரின் பணம் மூன்று மாதம் நிலுவையில் நின்றால் அவருடைய தவணையும் நின்றுவிடும்.

உரிமை எவருடையது என்பதையும் முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி, படம் எடுத்தவரே பொதுவாக அதன் முதல் உரிமையாளர். ஆனால் ஒருவர் பணம் கொடுத்துத் தமக்காக எடுக்கச் சொன்ன படத்தில், வேறு உடன்பாடு இல்லாவிடில், உரிமை பணம் கொடுத்தவரைச் சேரும். இதை அறியாமையால் எழும் சச்சரவுகள் பல. ஒரு வரி உடன்பாடு அவற்றைத் தவிர்க்கும்.

மூன்றாவது கடமை, ஊரின் பழம்படங்களைக் காப்பதாகும். கண்மாய்க் கலுங்கு உடைந்த ஆண்டு, பள்ளிக்கூடத்துக்குக் கால்கோள் நாட்டிய நாள், முதன்முதலாக மின்விளக்கு எரிந்த தெரு ஆகியவை எவர் வீட்டுச் சுவரிலோ, பெட்டகத்திலோ படங்களாக இருத்தல் கூடும். கண்மாயின் பழைய கரை எங்கே இருந்தது என்ற வழக்கில், தேதியிட்ட ஒரு படம் பல வாய்ச்சொற்களைவிடத் துணை நிற்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரமும், கரையானும், இராமபாணப் பூச்சியும் ஆண்டுதோறும் அவற்றைத் தின்றுகொண்டிருக்கின்றன. படத்திலுள்ளோரைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டும் முதியோரும் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். பெயர் தெரியாத படம் சர்வே எண் இல்லாத நிலத்தை ஒக்கும்.

செய்ய வேண்டியவை எளியவை. உரியவர் வீட்டிலிருந்து படத்தை எடுத்துச் செல்லாமல், அங்கேயே உள்ளூர்ப் புகைப்படக்காரரைக் கொண்டு பிரதி எடுக்கலாம். மூலப்படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயரும் ஆண்டும் எழுதலாம். பேனாவின் மை ஊறிப் படத்தைக் கெடுக்கும். ஒட்டுநாடாவும் கம்பி ஊசியும் கூடா. பிரதிகளைக் கணிப்பொறியில் ஓரிடத்தில் மட்டும் வைக்காமல், ஊராட்சி அலுவலகத்தில் ஒன்றும் ஊர் நூலகத்தில் அல்லது பள்ளியில் ஒன்றுமாக இரண்டு இடங்களில் வைக்க வேண்டும். எந்தப் படம் எவர் கொடுத்தது என்பதற்கு ஒரு பதிவேடு வேண்டும். இதனால் உள்ளூர் இளைஞர் ஒருவருக்கு வேலை கிடைக்கும். ஊருக்கு அதன் சரித்திரம் கிடைக்கும்.

ஆண்டுதோறும் அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபை கூடுகிறது. செட்டியாருக்கு அந்த எண்ணம் உதித்ததும் அத்தேதியிலேதான். வரும் காந்தி ஜயந்தியன்று வரவு செலவு படித்து முடித்த பின், ஊரில் கிடைத்த பத்துப் பழைய படங்களைச் சபையில் வைத்து, முதியோரை அழைத்துப் பெயர்களைக் கேட்டு எழுதுமாறு ஊராட்சித் தலைவர்களையும் அங்கத்தினர்களையும் கேட்டுக்கொள்கிறோம். உலகைச் சுற்றி 50,000 அடி சேர்த்த ஊர்ப்பக்கத்தில், தம் தெருவைச் சுற்றிப் பத்துப் படங்கள் சேர்ப்பது கடினமான காரியமன்று.